பதினான்காம் பெட் பாட்டி

அன்புள்ள தங்கைக்கு,

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தாய், போடவில்லை. உன்னைப் போலவே எழுதியிருக்கும் இன்னும் சிலருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முப்பது பெட்டுக்கு இரண்டு பேர், மாதத்தில் பத்து நைட், ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஆஸ்பத்திரிக்காரர்களின் பீரோவில். பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டே வருஷத்தில் பேங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டாயாம். அத்தனை புகாருக்கும் நடுவில் ஒரே ஒரு வரி வேறு மாதிரி இருந்தது. பதினான்காம் பெட் பாட்டி காலில் சர்க்கரைப் புண்ணோடு டிஸ்சார்ஜ் ஆகிப் போனார், வீட்டில் யார் கட்டு மாற்றுவார்களோ என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வார்டு பிடிக்கவில்லை என்பதற்காகக் கூசிப்போகாதே. எனக்கும் பிடிக்கவில்லை. படிக்கிற காலத்தில் நம்மை அதிகமும் வார்டில்தான் விடுகிறார்கள், நாமும் அதுதான் நர்சிங் என்று நினைத்துவிடுகிறோம். வேலை தேடும்போது சம்பளம் கேட்போம், ஷிஃப்ட் கேட்போம். கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பார்: இங்கே ஒரு நோயாளி என் கையில் எவ்வளவு நேரம் இருப்பார்?

நான் ஆறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். அங்கே இரண்டு மணி நேரம், அதுவும் மயக்கத்தில். ஒருநாள் வயிற்றை மூடப் போகிற நேரத்தில் ரத்தம் ஒற்றும் மாப் துணி ஒன்று குறைந்தது. பத்து எடுத்திருந்தோம், ஒன்பதுதான் கணக்கில் வந்தது. 'ஒழுங்காக எண்ணு' என்று டாக்டர் கத்தினார். மூன்றாவது தடவையும் ஒன்பதுதான். கிடைக்காமல் மூட வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு நின்றேன். முழங்கால் நடுங்கியதை கவுன் மறைத்துவிட்டது. கடைசியில் கீழே வாளியில் ரத்தம் ஊறிய இரண்டு மாப் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டாக்டர் ஸாரி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் மூடுவதற்கு முன்னால் 'கவுண்ட் சரியா சிஸ்டர்?' என்று கேட்காமல் அவர் தையல் போட்டதே இல்லை. மறுநாள் அந்த நோயாளியை வராந்தாவில் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. சிலருக்கு இது பெரிய நிம்மதி. எனக்கு ஆறு வருஷத்தில் அலுத்துப்போனது.

108 ஆம்புலன்ஸில் நோயாளி நம் கையில் இருப்பது இதைவிடக் குறைந்த நேரம். நம் மாநிலத்தில் 2008இல் அது வந்ததிலிருந்து நர்சிங் படித்த பலர் அதில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) ஆகப் போயிருக்கிறார்கள். அரை மணி, முக்கால் மணி. ஓடுகிற வண்டிக்குள் பிரசவம் பார்த்து, கேஷுவாலிட்டியில் ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். பிழைத்தாரா என்று தெரியாமலே போகும். அதைத் தாங்கத் தனி மனசு வேண்டும்.

டயாலிசிஸ் யூனிட் இதற்கு நேர் எதிர். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், வருஷக் கணக்கில் அதே ஆட்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் விரலை வைத்தால் பூனை உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு தெரியும், த்ரில் என்போம். அது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசி. அந்தக் கையில் பி.பி.கூடப் பார்க்கக் கூடாது. உள்ளே வந்ததும் எடை மெஷினில் ஏற்றுவோம். போன தடவை இறங்கிப் போன எடையைவிட மூன்று கிலோ கூடியிருந்தால், 'வெயில் தாங்கலை சிஸ்டர், ஒரே ஒரு மோர்' என்பார்கள். பொங்கல் முடிந்த வாரம் கரும்பு தின்றதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பொட்டாசியம் காட்டிக்கொடுக்கும். 'அந்த சிஸ்டர் குத்தினால்தான் வலிக்காது' என்று உனக்காகக் காத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலை வேலை பற்றிக் கேட்டிருந்தாய். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் ரூமும் அதற்கு மருத்துவ, நர்சிங் ஆட்களும் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் வருஷத்திலிருந்தே உள்ள விதி. ஒரகடம், ஓசூர் பக்கம் தேடினால் கிடைக்கும். விரல் நசுங்கியது, கண்ணில் தூசி, தலைவலி மாத்திரை, மிச்ச நேரம் ரெஜிஸ்டர். கைக்குழந்தைக்காரிகளுக்கு ஏற்றது. உனக்கு ஆறே மாதத்தில் கொட்டாவி வந்துவிடும்.

நர்சிங் காலேஜில் டியூட்டர் வேலைக்கு இப்போதே போகாதே. நாலு வருஷமாவது கை பழகட்டும். நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடத் தடுமாறுகிறவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கொடுமையை நிறையப் பார்த்துவிட்டேன். ஐ.சி.யூ. பிடித்திருந்தால் கிரிட்டிகல் கேரில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ எம்.எஸ்சி. இருக்கிறது, விசாரித்து வை.

ஜெர்மனி போக உன் ரூம்மேட் மொழி படிக்கிறாள் என்றாய். நல்ல வழிதான், பெரும்பாலும் பி2 நிலை வரை மொழி வேண்டும். ஆனால் அங்கே குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, டயப்பர் மாற்றுவது எல்லாமே நர்ஸ் வேலை. இங்கே அதை அட்டெண்டரும் சொந்தக்காரர்களும் செய்வதால் போனதும் பலர் அதிர்ந்துபோகிறார்கள். வளைகுடா என்றால் ஏஜென்ட்டை நம்பிப் பணம் கட்டாதே. நர்ஸ்களை எடுப்பது அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகத்தான் என்று 2015இலேயே விதி வந்துவிட்டது. நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் கேள்.

சம்பளத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி அமைத்த குழு, 50 பெட்டுக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200க்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாக என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது பரிந்துரையாகவே கிடக்கிறது. அரசு வேலை என்றாலும் உடனே நிரந்தரம் என்று நினைக்காதே. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

இனி பாட்டிக்கு வருகிறேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க நர்ஸ்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளமும் சுமார்தான். நான் கடைசி சில வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இதே வேலையைப் பார்த்தேன். ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரம் கயிற்றுக்கட்டில். கதீட்டர் போட்ட தாத்தாவுக்கு மூன்று நாளாகக் குளிர் ஜுரம். மூத்திரப் பையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஜன்னல் கம்பியில், அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். பைக்குள் போனதெல்லாம் திரும்ப உடம்புக்குள் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பை எப்போதும் கட்டிலுக்குக் கீழேயே தொங்கும், அதனால் கீழேதான் இருக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பையை இறக்கிக் கட்டிவிட்டு, புதுக் கதீட்டர் போட்டு, டாக்டருக்கு போன் பண்ணி மருந்துக்கு வழி செய்தேன். மருமகளுக்கு இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கவும் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பெண் என்னைவிட நன்றாகக் கட்டு மாற்றினாள். அந்த வீட்டுக்கு ஒன்றரை வருஷம் போனேன்.

முதல் வேலையாக ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கும் அந்த ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்கு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் எந்த டிபார்ட்மென்ட், எத்தனை பெட் என்று இருக்கட்டும், எங்கே போனாலும் கேட்பார்கள். பேங்க் புத்தகத்தை ஒரு மாதம் பரணில் போடு. அடுத்த ஆஃப் அன்று உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வீடு வீடாகப் போகிற சிஸ்டர் யார் என்று கேட்டு, வண்டியில் ஒருநாள் கூட வரலாமா என்று கேள்.

அந்தப் பாட்டியின் ஊர் கேஸ் ஷீட்டில் இருக்கும். இப்போது யார் கட்டு மாற்றுகிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா