மரத்துப்போன பாதங்கள்: லெந்து காலத் தியானம்



லெந்து நாட்களுக்குள் வந்திருக்கிறோம். சாம்பற்புதன் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டு எண்ணினால் 40 நாட்கள். உங்களில் பலர் ஒருவேளை உணவை விட்டு, அதில் மீதியாகும் பணத்தை உறையிலிட்டு அனுப்புகிறீர்கள். அந்த உறைகளுக்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் இம்முறை பாதங்களைக் குறித்துத் தியானிக்க விரும்புகிறோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தும் ஆவடி, பூந்தமல்லி பக்கங்களிலிருந்தும் புண் கட்டிக்கொள்ள வருகிறவர்களில், சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள் அநேகர். லேத் பட்டறையில் நின்று வேலை செய்பவரின் செருப்பைத் துளைத்து இரும்புத் துண்டு ஏறியிருக்கும், அவருக்குத் தெரியாது. தரையில் இரத்தத்தைப் பார்த்து வீட்டார்தான் கண்டுபிடித்திருப்பார்கள். "வலியே இல்லீங்க ஐயா" என்பார், ஏதோ நற்செய்தி சொல்வதுபோல. நர்ஸம்மாவின் முகம் வாடுவது அந்த வார்த்தையைக் கேட்டுத்தான்.

வலியின் அருமையை நமக்குக் கற்றுத்தந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அந்நாட்களில் எண்ணினார்கள். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் கூர்ந்து கவனித்தபோது, நோய் நரம்பைக் கெடுத்து உணர்வை எடுத்துப்போடுகிறது, மீதி அழிவெல்லாம் சூடான பாத்திரத்தாலும் முள்ளாலும் ஆணியாலும் வருகிறது என்று கண்டார்கள். சிலருக்கு இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்திருந்தது, அவர்கள் விழிக்கவில்லை. வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார் பிராண்ட்!

அமெரிக்கப் பயணம் முடித்து இங்கிலாந்து வந்திறங்கிய ஓர் இரவில், காலுறையைக் கழற்றியபோது தமது குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே எண்ணி இரவெல்லாம் தூங்காதிருந்தார். காலையில் மறுபடியும் குத்தினார். சுரீரென்று வலித்தது! ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி சொன்னார்.

வியாதியைப் பாவத்தின் தண்டனையாகச் சொல்லும் பிரசங்கங்கள் எங்களுக்கு உடன்பாடல்ல. இங்கே இது உவமை மாத்திரமே. பெருமையை நாம் தலை நிமிர்ந்து நடக்கும் ஒரு நடையாக எண்ணுகிறோம். அது உணர்வற்றுப்போன ஒரு பாதத்தைப் போன்றது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

லூக்கா 18-ம் அதிகாரத்துப் பரிசேயனைப் பாருங்கள் (9 முதல் 14 வரை வாசிக்கவும்). வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம். இப்படி ஒருவர் நம் ஆதரவாளர் பட்டியலில் இருந்தால் பொருளாளர் மிகவும் மகிழ்வார்! அவன் பொய் சொன்னான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜெபத்தில் ஓரிடத்திலும் வலி இல்லை. ஆயக்காரனுக்கோ வலித்தது, மார்பில் அடித்துக்கொண்டான்.

யோவான் 13-ல் பேதுருவின் காரியம் இன்னும் நுட்பமானது. நாமும் பிறர் பாதங்களைக் கழுவ வேண்டும் என்றே அந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிறோம். அது சரிதான், 14-ம் வசனம் அதைத்தான் சொல்கிறது. அதற்கு முன்பே 8-ம் வசனம் இருக்கிறது. பேதுரு தன் காலைக் கொடுக்க மறுக்கிறான். ஆண்டவரின் காலைக் கழுவச் சொல்லியிருந்தால் ஓடிவந்து செய்திருப்பான். கொடுக்கிறவன் கை மேலே இருக்கும். காலை நீட்டுகிறவனோ தன் அழுக்கைக் காட்ட வேண்டும், வெடிப்பைக் காட்ட வேண்டும். காணிக்கை அனுப்புகிற உங்களுக்கும், அதை வாங்கி ஊழியம் செய்கிற எங்களுக்கும் இது சமமாகவே கடினம். உதவி செய்துகொண்டே இருந்தால் நம்மை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள் அல்லவா?

உணர்வற்ற பாதமுள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் சொல்லித்தருவார்கள். தினமும் மாலையில் பாதத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் வலிக்காது.

இந்த லெந்து நாட்களில் நாமும் அப்படியே செய்து பார்க்கலாம். மாலை ஜெபத்தில் 139-ம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாசியுங்கள். பின்பு மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ, "இன்றைக்கு என் பேச்சு உங்களைக் குத்தியதா?" என்று கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குப் பின் திறப்பார்கள்.

பெரிய வியாழன் மாலை எங்கள் ஜெபக்கூடத்தில் பாதம் கழுவும் ஆராதனை நடைபெறும். கழுவுவதற்கு முன்வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதிகம். நாற்காலியில் உட்காரத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அருகிலிருக்கும் ஆதரவாளர்கள் வந்து உட்காரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.