பாடாத செட்டும் பழுதாகாத ஐ.சி.யும்

காரில் பாட்டு நின்றுவிட்டால் வண்டிக்காரர் முதலில் சொல்வது, "செட்டு போச்சு" என்பதுதான். கடைக்காரரும் செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். ஆனால் பேட்டரியிலிருந்து செட் வரைக்கும், அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எத்தனை ஜாயிண்ட், எத்தனை ப்யூஸ்! குலுங்குகிற, நனைகிற வண்டியில் முதலில் தளர்வது பெரும்பாலும் இவைதான். செட்டைத் திறக்கும் முன் கரண்ட் வரும் வழியை அளந்து பார்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப், ஒரு 1.5 வோல்ட் செல்.

1. பேட்டரி

இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2. மூன்று வயர்கள்

கடையில் வாங்கும் செட்களில் வழக்கமாக மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். நேரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைப்பது அதுதான். சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். கறுப்பு எர்த். சாவியை எடுத்ததும் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகிறது என்றால், மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம். வண்டிப் பக்கத்து வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எனவே நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

3. லோடு கொடுத்து அளப்பது

இதுதான் பாடத்தின் உயிர். சனிக்கிழமைகளில் நான் வேலை பழகும் கார் எலெக்ட்ரிக் கடைக்கு ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். "தம்பி, சவுண்டு கூட்டினா செட்டு ஆஃப் ஆயி ஆஃப் ஆயி வருது. வேற இடத்துல ஐ.சி. போச்சு, புது செட்டு வாங்குன்னுட்டாங்க" என்றார். கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்ற முடிவில் இருந்தார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, அளந்து பாத்துடுவோம்" என்றேன்.

செட்டின் பிளக்கைக் கழற்றி மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்தேன். 12.4 வோல்ட். பேட்டரியிலும் அதே 12.4. இத்தோடு நிறுத்தினால் வயரிங் சரி, செட்தான் கெட்டது என்றே தோன்றும். ஆனால் டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை சுமார் 10 மெகா ஓம். அது கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். கரண்ட் ஓடாத ஜாயிண்டில் வோல்டேஜ் இழப்பும் தெரியாது.

அதே இடத்தில் டெஸ்ட் லாம்பைக் கொடுத்தேன். மீட்டர் 11.7க்கு இறங்கியது. வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம். செட்டை மாட்டி, சத்தமாகப் பாட விட்டு, கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்ததோ 2 வோல்ட்! செட்டுக்குக் கிடைத்தது 10 வோல்ட் சொச்சம்தான். அதனால்தான் அது அணைந்து அணைந்து வந்தது.

எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் துரு. சுரண்டி, புது லக் போட்டு இறுக்கியதும் 0.05 வோல்ட். செலவு ஒரு லக், அரை மணி நேரம்.

ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் இழப்பு என்றால் தடை 0.4 ஓம். மீட்டரின் வயர்களுக்கே அவ்வளவு தடை இருக்கலாம், ஆகவே ஓம் ரேஞ்சில் இது பிடிபடாது. ஆனால் அந்த ஸ்க்ரூவில் வெப்பமாகப் போவது 10 வாட்.

4. ப்யூஸ்

ப்யூஸ் இருப்பது முக்கியமாக வயரைக் காப்பாற்ற. பிளேடு ப்யூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. 10 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று 20 போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் பெரிய ஆபத்து. அப்புறம் ப்யூஸுக்குப் பதிலாக வயர்தான் எரியும். வயர் ஓடுவது சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில். போன ப்யூஸின் இடத்தில் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. வயரிங்கை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ ஷார்ட் அங்கேதான்.

5. ஸ்பீக்கர்

வயரைக் கழற்றி அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். 1.5 வோல்ட் செல்லைத் தொட்டால் 'டப்' என்று கேட்க வேண்டும். இப்போதைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பேட்டரி வோல்டேஜில் பாதி, சுமார் 6 வோல்ட், இருக்கும். ஆகவே எந்த வயரும் பாடியில் படக் கூடாது; பட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள ஊமையாகிவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை பாடுகின்றனவோ அந்த லைனில்தான் கோளாறு. முதலில் கதவு மடிப்பு ரப்பருக்குள் பாருங்கள். வயர் நைந்து அறுபடும் இடம் அது.

6. இன்ஜினோடு சேர்ந்து வரும் கீச்சு

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'ஙொய்' சத்தமும் ஏறினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. செட்டுக்கு ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயருக்கு வேறிடத்திலும் எர்த் கொடுத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் கேபிளைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது கேபிள் வழியே வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள்.

எச்சரிக்கை

ஜாயிண்ட் போடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரோ டெஸ்ட் லாம்போ வைக்கவே கூடாது. கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய டேட்டா வயர்களிலும் டெஸ்ட் லாம்ப் வேண்டாம்.

நண்பர்களே, நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு ஒரு செட்டின் விலை என்பது பல நாள் வருமானம். "ஐ.சி. போச்சு" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். லோடு கொடுத்து அளந்த பிறகு அதைச் சொல்வோம். சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். டெஸ்ட் லாம்ப் என் பையிலேயே இருக்கிறது.