ஓதமும் ஓடமும்

மன்றத்து நண்பர் நால்வர் சென்ற மாதம் என் அறைக்கு வந்தனர். ஒருவர் கையில் அந்தமான் தீவுகளின் படம் இருந்தது. “அண்ணா, தேர்வு முடிந்ததும் அந்தமான் போகிறோம். அங்கே நுரை பொங்கும் மலையாறு ஒன்றில் நான்கு நாள் படகு விட வேண்டும். நீங்கள் அங்கே இருந்தவர், திட்டம் போட்டுக் கொடுங்கள்” என்றனர். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு. அதே ஆசையோடு, அவர்களைக் காட்டிலும் குறைந்த அறிவோடு, ஒரு காலத்தில் நானும் அங்கே கயாக் ஏறியவன். பட்டதை மறைத்துப் பாடம் மட்டும் சொல்லுவது முறையன்று. ஆதலின் அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஆறு. ரிஷிகேசத்திற்கு மேலே கங்கையில் காற்றடைத்த மிதவையில் செல்பவர்களைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பயணத்திற்குத் திட்டம் போடுபவர் கேட்கும் கேள்விகள் சில: எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது, இடையில் ஆறு எவ்வளவு தாழ்கிறது, பாய்ச்சல்கள் ஒன்று முதல் ஆறு வரையுள்ள தரவரிசையில் எந்தத் தரம், எதைக் கரையில் நடந்து கடக்க வேண்டும், இன்று நீர் மட்டம் என்ன. மழைக்காலத்தில் நீர் பெருகும்போது அங்கே மிதவைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒன்று: ஆறு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் ஓடும். காலையில் ஏறினாலும் மாலையில் ஏறினாலும் அது நம்மைக் கீழேதான் கொண்டுபோகும்.

அந்தமானில் அப்படிப்பட்ட ஆறு இல்லை. வட அந்தமானில் 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்தின் பக்கம் தோன்றும் கல்போங் ஆறு சுமார் 35 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதையும் திக்லிபூர் அருகே மறித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் மழை பெய்தால் ஓடி, நின்றால் வற்றும் ஓடைகள். தெற்கே பெரிய நிக்கோபாரில் கலத்தியா ஆறு உண்டு. அது ஷோம்பென் மக்கள் வாழும் தீவு. கடலாமைகள் முட்டையிட வரும் கழிமுகம். விடுமுறை விளையாட்டுக்கு உரிய இடமன்று.

எனவே பல நாள் பயணம் என்றால் அங்கே கடலோரமும் அலையாத்திக் காட்டுக் கழிகளுந்தான். வண்டி கயாக்கே. ஆனால் அந்தக் கழியும் ஓர் ஆறுதான். நாளொன்றுக்கு நான்கு முறை திசை மாறும் ஆறு. இதைத்தான் நான் அறியாமல் போனேன்.

நாங்கள் அறுவர். இடம், முன்னாளில் ஹேவ்லாக் என்று வழங்கி 2018 முதல் சுவராஜ் தீவு எனப் பெயர் பெற்ற தீவு. பிப்ரவரி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். காலைச் சிற்றுண்டியை மெல்ல முடித்து, ஒன்பது மணிக்கு ஒரு கழிக்குள் நுழைந்தோம். முகப்பில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்! வாடகைக்குக் கயாக் கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. துடுப்புப் போடாமலே கயாக் உள்ளே சென்றது. எங்கள் கைவன்மை என்றே எண்ணிக்கொண்டோம். பத்தரை மணிக்குக் கழியின் கடைசிக்குச் சென்று, கட்டுச்சோறு உண்டு, பாட்டுப் பாடி, ஒரு மணிக்குத் திரும்பினோம். இப்போதும் கயாக் தானே ஓடியது. முன்னைவிட வேகமாக ஓடியது. எனக்கு மகிழ்ச்சி. இரண்டு மணிக்கு அடியில் சேறு உரசிற்று. சிறிது நேரத்தில் நாங்கள் சேற்றின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

இறங்கி நடக்கலாம் என்று ஒருவர் காலை வைத்தார், தொடைவரை போயிற்று. இருபுறமும் வேர்க்கூட்டம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வந்தது பன்னிரண்டு மணிக்கே தீர்ந்திருந்தது. சேலத்து நண்பர் ஒருவருக்கு நான்கு மணியளவில் வாந்தியும் மயக்கமும் வந்தன. ஐந்தரைக்குப் பொழுது சாய்ந்தது. காட்டுக்குள் ஏதோ நீரில் விழும் ஓசை கேட்கும்போதெல்லாம் அறுவரும் பேச்சை நிறுத்துவோம். அதே தீவின் கடலில் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பயணி ஒருவரை உவர்நீர் முதலை கொன்ற செய்தியை, யாரும் கேட்காமலே, ஒருவர் சொல்லத் தொடங்கினார். மற்றவர் அவரை அடக்கினோம். ஏழு மணிக்கு நிலவு மேலே வந்திருந்தபோது நீரும் ஏறிவிட்டது. அதோடு ஒரு டுங்கியும் வந்தது. டுங்கி என்பது அங்கே சிறு இயந்திரப் படகுக்கு வழங்கும் பெயர். ஓட்டி வந்தவர் இராமநாதபுரத்துக் குடும்பத்துப் பெரியவர். நண்பருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, நேத்துப் பௌர்ணமின்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “தெரிஞ்சுமா ஒரு மணிவரைக்கும் உள்ள இருந்தீங்க?” என்றார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அறைக்குத் திரும்பி ஓத அட்டவணையை விரித்த பிறகுதான் விளங்கியது.

கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்திற்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் உச்சம் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. முதல் நாள் காலை ஏழு மணிக்குச் சாதகமாக இருந்த நீர், நான்காம் நாள் ஒன்பதரைக்கே சாதகமாகும். நாள்தோறும் ஒரே நேரத்தில் புறப்படுவதாகத் திட்டம் எழுதுகிறவர் மூன்றாம் நாள் நீரோடு மல்லுக்கு நிற்பார். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமிகளையும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களையும் சார்ந்து ஓதம் பெரிது. போர்ட் பிளேர்ப் பக்கம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் அதில் பாதிகூட இராது.

இறக்கமும் ஒரே சீராக நிகழ்வதில்லை. மாலுமிகள் கையாளும் ஒரு கணக்கு உண்டு. இறங்கும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. மொத்தம் 2 மீட்டர் என்றால் முதல் மணியில் 17 சென்டிமீட்டர் இறங்குவதை யார் கவனிக்கப்போகிறார்கள்? நடு இரண்டு மணிகளில் முழுதாக ஒரு மீட்டர் போய்விடும். அன்று உச்சம் பத்தரைக்கு. நாங்கள் புறப்பட்டது ஒரு மணிக்கு. மிக விரைவாக வடியும் நேரத்தைப் பொறுக்கி எடுத்ததுபோலப் புறப்பட்டிருக்கிறோம். கழிக்குள் போவதானால் உச்சத்திற்கு இரண்டு மணி முன்னர் நுழைந்து, உச்சம் வருமுன்பே படகைத் திருப்பிவிட வேண்டும். முதலைப் பலகை உள்ள கழியில் அந்தக் கணக்கும் வேண்டா, நுழையவே வேண்டா.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அதற்குக் கிழக்கே பத்துப் பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், அங்கே சூரியன் சுமார் 40 நிமிடம் முந்துகிறான். ஏப்ரலில் ஐந்து மணியளவில் விடிந்து, மாலை ஐந்தரைக்குச் சற்றுப் பின் பொழுது போய்விடும். சென்னை வழக்கப்படி “ஆறு மணிக்குள் கரை சேரலாம்” என்று எழுதினால் இருட்டில் சேர்வீர்கள். இரண்டரை மணிக்குக் கரையேறுவதாக எழுதுங்கள். பாரம் ஏற்றிய கயாக் அமைதியான நீரில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போகும். எதிர்நீரோட்டம் மணிக்கு 3 என்றால் மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

பருவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் நல்லவை. ஏப்ரலில் வெப்பம் மிகுதி, எனினும் போகலாம். மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று நம் நாட்டில் முதலில் அந்தத் தீவுகளைத்தான் தொடும். அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறதென்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் கப்பல்களை ஓட்டியவர்கள் காற்றுக்கும் நீருக்கும் காத்திருந்தவர்கள் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

படத்தில் தெரியும் கரையெல்லாம் நாம் இறங்கக்கூடிய கரையன்று. நண்பர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டிய பகுதி இது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, தென் அந்தமான், நடு அந்தமான் மேற்குக் கரையில் ஜாரவா மக்களின் நிலம் ஒதுக்கப்பட்டது. வட சென்டினல் தீவும் அதைச் சுற்றி ஐந்து கடல்மைல் நீரும் விலக்கப்பட்டவை. 2006இல் மீனவர் இருவர் படகு நங்கூரம் நிலைக்காமல் அந்தக் கரைக்கு இழுபட்டு உயிரிழந்தனர். 2018இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் வேண்டுமென்றே கயாக்கில் சென்று இறங்கி மாண்டார். இந்தச் செய்திகளைப் படிப்போர் வந்தவனுக்கு நேர்ந்ததை மட்டுமே பேசுகின்றனர். நம் உடலில் சாதாரணச் சளியாக இருக்கும் நோய், அதை எதிர்க்கும் ஆற்றல் பெறாத ஒரு சிறு குலத்தையே அழித்துவிடக்கூடும். அதை எண்ணுவோர் சிலரே. ஆதலின் திட்டத்தைக் கிழக்குப் பக்கத்திலேயே, ரிட்சித் தீவுக்கூட்டத்தில் மக்கள் குடியிருக்கும் சுவராஜ் தீவு, சகீத் தீவு இரண்டோடு நிறுத்துங்கள். அக்கூட்டத்தின் ஆளில்லாத் தீவுகள் பல இராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். வனத்துறை அனுமதியின்றிக் கூடாரம் போட இயலாது. இரவை ஊரிலே கழிப்பதில் குறைவொன்றும் இல்லை. கடற்கரை மணல் ஈயின் கடியை ஓர் இரவு பட்டவர்கள் என்னோடு உடன்படுவார்கள். தீவுக்கும் தீவுக்கும் இடையிலுள்ள திறந்த கடலை, ஒரு டுங்கி உடன் வராமல் கடக்கத் துணியாதீர்கள். அந்த வாடகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றச் செலவைப் பாருங்கள்.

பழைய படங்களை நம்பவும் வேண்டா. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தத் தீவுகளே சாய்ந்துவிட்டன. வடமேற்கு அந்தமான் கரை ஒரு மீட்டருக்குமேல் எழும்பிப் பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. போர்ட் பிளேர்ப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து வயல்களில் கடல் நின்றது. தென்கோடி இந்திரா முனை நான்கு மீட்டருக்குமேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி நீருக்குள் போயிற்று. அதற்கு முன் அச்சான படத்தில் ஆழம் என்று போட்ட இடம் இன்று பாறையாக இருக்கலாம்.

இனி மூட்டை. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். உப்பு, சர்க்கரை கலந்து குடிக்கும் பொடி. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கின் பின்னால் கட்டியிருப்பதில் பயனில்லை. விசில் ஒன்று கழுத்தில். கைபேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றிக் கொண்டுபோவதோ சட்டப்படி குற்றம். எனவே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம், வராவிட்டால் எத்தனை மணிக்குத் தேட வேண்டும் என்பதை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். கடலோரக் காவல் படையின் எண் 1554. அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அன்று அந்தப் பெரியவர் வந்தது, விடுதிச் சமையற்காரர் எங்கள் இரவுச் சோறு ஆறுவதைக் கண்டு போய்ச் சொன்னதால்தான்.

இவ்வளவும் கேட்ட நால்வரும் மறுநாள் ஒரு பஞ்சாங்கத்தோடு வந்தனர். தேர்வு முடிகிற வாரம் அமாவாசை. ஒரு வாரம் தள்ளி, அட்டமியை ஒட்டி வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஆனால் அந்த வாரம் ஒருவருக்கு அக்காள் திருமணம். இப்போது மூவர்தான் இருக்கின்றனர்; இருவர் ஏறும் கயாக் இரண்டு பேசியிருக்கிறோம். நன்றாக நீந்தத் தெரிந்தவர், விடியற்காலை நான்கு மணிக்கு எழக்கூடியவர் யாரேனும் இருந்தால் மன்ற அறையில் பெயர் கொடுக்கவும்.