500 கிராம் கணக்கு: ஏர் பிஸ்டல் டிரிகரை விரலுக்கு இணங்க வைப்பது எப்படி?

சொந்தமாக ஏர் பிஸ்டல் வாங்கிய பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், டிரிகரை இன்னும் கொஞ்சம் லேசாக்கித் தர்றீங்களா?" வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் எடையில் குறை இருக்காது. விரல் படும் இடம் தவறாக இருக்கும். இல்லையென்றால் முதல் கட்டம் எங்கே முடிகிறது என்று விரலுக்குப் பிடிபட்டிருக்காது. பெல்லட் புறப்பட்ட பிறகும் டிரிகர் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. 60 முறை இழுத்தாலும் 60 முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும். அதுதான் நல்ல டிரிகர். லேசாக இருப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 35 சென்டிமீட்டர் தூரம். டிரிகரை இழுக்கும்போது முன்குறி பின்குறிப் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், இலக்கில் அது சுமார் 14 மில்லிமீட்டர் விலகல். பத்து ஒன்பதாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நேரே ஏழு. குறி பார்ப்பதில் எந்தத் தவறும் செய்யாத பிள்ளை ஏழு அடிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

பாலிமர் உடல் கொண்ட கிளாக் 17 போன்ற பிஸ்டலில் இந்தப் போராட்டம் இன்னும் கடுமை. மேகசின் இல்லாமல் அதன் எடை 625 கிராம்தான். டிரிகரை இழுக்கவோ இரண்டரை கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். போட்டிக்கான ஏர் பிஸ்டல் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும், அதன் டிரிகர் அரை கிலோ. அந்த வசதியோடு, டிரிகரின் ஒவ்வொரு அசைவையும் திருத்திக்கொள்ள ஸ்க்ரூக்களையும் தயாரிப்பாளர்களே வைத்திருக்கிறார்கள். ஸ்டெயர், மொரினி, பர்தினி, வால்தர் என எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான், ஸ்க்ரூ இருக்கும் இடம்தான் மாறும். ஆகவே பிஸ்டலோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இங்கே சொல்வது ஏர் பிஸ்டலுக்கு மட்டும். தோட்டா போடும் பிஸ்டலின் டிரிகரில் கை வைப்பது, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை.

தேவையானவை

பிஸ்டலோடு வந்த ஆலன் கீ, 500 கிராம் டிரிகர் எடைக்கல், மெல்லிய மார்க்கர் பேனா, ஒரு நோட்டு, நல்ல வெளிச்சம், யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம். சமையலறைத் தராசும் மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசும் இதற்கு உதவாது.

படி 1: காலியா என்று பாருங்கள், பிறகு இன்னொரு முறை பாருங்கள்

குழலை வெறும் சுவர் பக்கம் திருப்புங்கள். பெல்லட் போடும் இடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். பாதுகாப்புக் கயிறு குழலின் முழு நீளத்துக்கும் போய் மறுமுனையில் வெளியே தெரிய வேண்டும். டிரிகரை இழுத்துப் பார்க்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கயிறு வெளியே வரலாம். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேலை நடுவே போன் வந்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள்.

படி 2: இப்போதிருக்கும் நிலையை எழுதுங்கள்

ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் அதன் பக்கத்து உலோகத்திலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எந்த ஸ்க்ரூவை, எந்தப் பக்கம், எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்பது நோட்டில் ஏற வேண்டும். ஒரு தடவையில் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதுவும் கால் சுற்று. இரண்டை ஒன்றாகத் திருப்பிவிட்டால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 3: பிடி முதலில், விரல் பிறகு

ஸ்க்ரூவைத் தொடும் முன் கையைச் சரிபாருங்கள். பிஸ்டலைப் பிடித்து, கையை நீட்டி, கண்ணை மூடி, சுட்டுவிரலை மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் அசையாமல் இருக்க வேண்டும். சுட்டுவிரலின் அடிப்பகுதி மரப்பிடியில் உரசினால், இழுக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டல் பக்கவாட்டில் தள்ளப்படும். அப்படியானால் திருத்த வேண்டியது டிரிகரை அல்ல, மரப்பிடியை.

அடுத்து, விரல் எந்த இடத்தில் டிரிகரைத் தொடுகிறது என்று பாருங்கள். நுனிவிரலின் சதைப்பகுதி, ரேகைச் சுழி இருக்கும் நடுப்பகுதி, டிரிகரின் மையத்தில் படிய வேண்டும். வலது கைக்காரர்களுக்கு விரலின் ஓரம் மட்டும் பட்டால் பெல்லட்கள் பெரும்பாலும் இடப்பக்கம் ஒதுங்கும். மூட்டு மடிப்பு வரை விரல் உள்ளே போனால் வலப்பக்கம் இழுக்கும். விரல் நேராகப் பின்னோக்கி வரும்வரை டிரிகர் பட்டையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், தேவைப்பட்டால் சற்றே திருப்புங்கள். இந்த ஒரு படியிலேயே பாதிப் பேரின் குறை தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: முதல் கட்டம்

போட்டிப் பிஸ்டலின் டிரிகர் இரண்டு கட்டமாக வரும். முதலில் ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு சீராகப் பின்னால் வரும், பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டினால் வெடி. சுவர் வரை வரும் எடை முதல் கட்டம், சுவரைத் தாண்டத் தேவைப்படும் மிச்ச எடை இரண்டாம் கட்டம்.

500 கிராமில் 350 முதல் 400 கிராம் வரை முதல் கட்டத்துக்கு ஒதுக்குவது பலரும் கையாளும் முறை. விரல் சுமையின் பெரும்பங்கை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டால், கடைசியில் சேர்க்க வேண்டியது கொஞ்சமே. புதிதாகப் பழகுபவர்கள் இரண்டாம் கட்டத்தைச் சற்றுக் கனமாகவே வைத்துக்கொள்ளலாம். சுவர் தெளிவாகத் தெரியும், பதற்றத்தில் தவறிப் போகாது.

படி 5: சுவரைக் கூர்மையாக்குங்கள்

கண்ணை மூடிக்கொண்டு சுவர் வரை வந்து, அங்கிருந்து மெதுவாக அழுத்துங்கள். கரகரவென்று மணலில் இழுப்பதுபோல் நகர்ந்து பிறகு விடுபட்டால், உள்ளே கொக்கிகள் ஒன்றையொன்று அதிகமாகக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அதற்கான ஸ்க்ரூவைக் கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மெல்லிய கண்ணாடிக் குச்சி முறிவதுபோல், முன்னறிவிப்பு இல்லாமல் விடுபட வேண்டும்.

இங்கே பேராசை ஆபத்து. கவ்வல் மிகக் குறைந்தால் பிஸ்டல் தானாகவே விடுபடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெல்லட் போடாமல் காக் செய்து, குழலைச் சுவர் பக்கம் வைத்து, நெம்புகோலைச் சற்று வேகமாக மூடுங்கள். பிடியின் அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். பத்து முறை செய்ததில் ஒரே ஒரு முறை விடுபட்டாலும் அந்த அமைப்பு வேண்டாம். அரைச் சுற்று பின்னோக்கி வந்துவிடுங்கள். கொக்கியை அரத்தால் ராவுவது, உப்புத்தாளில் தேய்ப்பது, எண்ணெய் ஊற்றுவது எதுவும் கூடாது. தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

படி 6: எடை போடுங்கள்

ஏர் பிஸ்டல் டிரிகருக்குச் சர்வதேச விதி 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். காற்று உருளையைப் பொருத்தி, பெல்லட் இல்லாமல் காக் செய்து, குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடியுங்கள். யாரும் குழலுக்கு மேலே தலையை நீட்டக் கூடாது. எடைக்கல்லை டிரிகரின் நடுவில் மாட்டி, மேசையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். கல் மேசையை விட்டுக் கிளம்பிய பிறகும் டிரிகர் பிடித்து நிற்க வேண்டும்.

வீட்டில் 500-இல் மயிரிழையாக நிறுத்தி வைத்த என் மாணவன் ஒருவன் போட்டிக் காலையில் எடை மேசையில் நின்றது இன்னும் கண்முன் நிற்கிறது. மூன்று முயற்சிதான் அனுமதி. முதல் முறை கல் தூங்கியபடியே இருந்தது, டிரிகர் விடுபட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தூக்கிவிட்டான், ஆனால் அந்த நடுக்கம் அன்றைய ஆட்டம் முழுக்க அவன் கையை விட்டுப் போகவில்லை. போட்டி முடிந்த பிறகும் எடை பார்ப்பார்கள். அங்கே தவறினால் தகுதி நீக்கம். ஆகவே 510 அல்லது 520 கிராமில் வையுங்கள். அந்த 20 கிராமை விரல் உணராது, மனசு நிம்மதியாக இருக்கும். முதல் கட்ட ஸ்க்ரூவைத் திருப்பினாலும் மொத்த எடை மாறும் என்பதால், எதைத் தொட்டாலும் கடைசியில் எடைக்கல்லிடம் வாருங்கள்.

படி 7: வெடிக்குப் பின் ஓட்டத்தை நிறுத்துங்கள்

சுவர் விடுபட்டதும் எதிர்ப்பு சட்டென்று மறைகிறது, விரல் பின்னால் பாய்கிறது. பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே அந்தப் பாய்ச்சல் பிஸ்டலை உலுக்கிவிடும். டிரிகர் ஸ்டாப் ஸ்க்ரூ அதைத் தடுக்கத்தான். டிரிகர் விடுபடாமல் போகும்வரை அதை உள்ளே திருப்பி, பிறகு விடுபடும் இடம் வரை வெளியே எடுத்து, அதற்கு மேலும் கால் சுற்று தளர்த்துங்கள். அந்தக் கால் சுற்று இல்லையென்றால், தூசி சேர்ந்த ஒரு நாளில் டிரிகர் விடுபடவே மறுக்கும்.

படி 8: வெறும் சுவரில் சோதனை

இலக்கு வேண்டாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து, முன்குறியை மட்டும் கவனித்து, பெல்லட் இல்லாமல் 30 முறை இழுங்கள். பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களில் காற்று வீணாகாமல் இப்படிப் பழக வழி உண்டு. டிரிகர் விடுபடும் கணத்தில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே பக்கம் துள்ளினால் படி 3-க்குத் திரும்புங்கள். எல்லாப் பக்கமும் துள்ளினால் அது டிரிகரின் குறை அல்ல, பயிற்சியின் குறை.

படி 9: பெல்லட்டோடு, பிறகு இரண்டு வாரம் கை வைக்காமல்

கருப்பு வட்டம் இல்லாத வெற்று அட்டையில் 20 பெல்லட் சுடுங்கள், பிறகு வழக்கமான இலக்கில் 60. போட்டியில் அந்த 60-ஐ 75 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஐந்தாவது பெல்லட்டுக்குச் சுகமாக இருக்கும் டிரிகர் ஐம்பதாவதுக்கும் அப்படியே இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். திருப்தி என்றால் ஆலன் கீயைப் பெட்டிக்குள் பூட்டுங்கள். விரல் புதிய அமைப்பைப் படிக்க இரண்டு வாரமாவது கொடுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. எடை, ஸ்க்ரூக்களின் கோடு, எலக்ட்ரானிக் டிரிகர் என்றால் பேட்டரி, இவற்றைச் சரிபார்ப்பதோடு நிறுத்துங்கள். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் கோளாறாகி மனு பாக்கர் இழந்த நிமிடங்களை இந்தியாவே பார்த்தது. 2024 பாரிஸில் அவர் இரண்டு வெண்கலத்தோடு திரும்பி வந்தார் என்பது அவருடைய மன உறுதி. கோளாறு வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கும் வேலை.

சென்ற வருடம் ஒரு பெண், லேசாக்கித் தரச் சொல்லித் தினமும் வந்து நின்றாள். "ஸ்க்ரூவைத் தொடாதே கண்ணு, விரல் எங்க படுதுன்னு மட்டும் இரண்டு வாரம் எழுதிட்டு வா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். நோட்டில் நாள்தோறும் 30 வரி எழுதினாள். பதினைந்தாம் நாள் வந்து, "சார், டிரிகர் பட்டையை ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடி தள்ளணும், அவ்வளவுதான்" என்றாள். தள்ளினோம். எடையில் ஒரு கிராமும் மாறவில்லை. அவள் இப்போதெல்லாம் என்னிடம் ஆலன் கீயைக் கேட்பதில்லை. வாரம் ஒருமுறை எடைக்கல்லை மட்டும் வாங்கிப் போகிறாள்.