தண்ணீர் வருமுன் கிளம்புங்கள்

2015 டிசம்பர் 1 இரவு சென்னையின் அடையாற்றில் வெள்ளம் ஏறியபோது கரையோரக் குடும்பங்களுக்கு யோசிக்கக்கூட நேரமில்லை. மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைப்பேசியும் ஓய்ந்தது. எனவே எப்போது கிளம்புவது, எங்கே போவது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். முழங்காலளவு ஓடும் தண்ணீரே பெரியவர்களைச் சாய்த்துவிடும். முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீடு எச்சரிக்கை வந்ததுமே புறப்பட வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு வார மாத்திரை, டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகளோடு ஒரே பையில் வையுங்கள். ஆவணமெல்லாம் போனிலேயே இருக்கிறதே என்பீர்கள். சார்ஜ் தீர்ந்தால் அது உதவாது. மின்சாரம் நின்றால் ஏ.டி.எம்.மும் இயங்காது; அதற்குத்தான் சில்லறை நோட்டுகள்.

பூட்டிய வீட்டில் திருட்டுப் போகுமே என்ற பயம் நியாயமானதுதான். பலர் கடைசிவரை நகராமலிருக்க அதுவே காரணம். அதற்கு ஒருவர் வீட்டிலேயே தங்குவது தீர்வல்ல. நகையை முன்கூட்டியே லாக்கரில் வையுங்கள். தெருவே சேர்ந்து கிளம்பி, திரும்பும் நாளையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். தனியாக வாழும் முதியவரை யார் அழைத்து வருவது என்று பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் எவரும் போகமாட்டார். கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் ரெகுலேட்டரையும் அணைத்து, மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; அதைக் குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.