வீடு தேடி வரும் செவிலியர்
மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை இழக்க நேர்ந்ததால் நீரிழிவு, இரத்தக் கொதிப்புச் சிகிச்சையை இடையில் நிறுத்தியோர் பலர். இந்நிலையை மாற்றும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இன்று விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களிலும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகிறார். படுத்த படுக்கையாய் இருப்போரை ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் நாடி வருகின்றனர்.

ஆயினும், வீட்டுச் சேவை மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது. நீரிழிவு உள்ளோர் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறையேனும் பரிசோதித்தல் வேண்டும். வீடு திரும்பியதும் டிஸ்சார்ஜ் சீட்டைச் செவிலியரிடம் காட்டுங்கள். மருந்தளவு மாறியதை அவர் அறியாவிடில் பழைய அளவே தொடரக்கூடும். நெஞ்சுவலி, முகக் கோணல், பேச்சுக் குழறல் தோன்றினால் எவர் வருகைக்கும் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.