பூட்டிய பண்டகசாலையைத் திறக்கச் செய்யும் வழி

வடகோவையில் பஸ் நடத்துனர் ‘சிந்தாமணி’ என்று குரல் கொடுக்கும்போது இறங்கிச் செல்கிறவர்களில் பலருக்கு, அது ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் பெயர் என்ற நினைவே எழுவதில்லை; ஒரு கடை ஜனங்களின் வாழ்க்கையில் எவ்வளவு வேரூன்றியிருந்தால் நிறுத்தத்துக்கே அதன் பெயர் ஆகிவரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அத்தகைய ஸ்தாபனமொன்றின் கிளை சிங்காநல்லூர் போன்ற பகுதியில் பூட்டப்பட்டு, இரும்புக் கதவு துருவேறி, வாசலில் சுவரொட்டியும் குப்பையும் சேர்ந்து கிடக்குமானால், அதைத் திறக்கச் செய்யக் குடியிருப்போர் என்ன பிரயத்தனம் செய்யவேண்டும் என்பதை இங்கே முறையாகச் சொல்ல முற்படுகிறேன். ‘கடையைத் திறந்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் ஒப்புகைச் சீட்டுதான் கிடைக்கும். திறந்தால் இத்தனை குடும்பங்கள் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கும் என்று கணக்கோடு காட்டுகிறவர்களிடம்தான் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதற்காரியம், பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அறிவது. கடையின் பெயர்ப்பலகை ஒருவருடையதாகவும், கட்டிடம் வேறொருவருடையதாகவும், நிலம் மூன்றாமவருடையதாகவும் இருப்பது சகஜம். இதை அறியாமல் எழுதப்படும் மனுக்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு வருஷம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும், மாநகராட்சியின் சொத்து வரி ரசீது எவர் பெயரில் இருக்கிறது என்ற செய்தியும் கைக்கு வந்துவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடை தனியார் கம்பெனியுடையதாயின், அக்கம்பெனி உயிரோடிருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாக விசாரியுங்கள். 1997 இல் சென்னையில் தொடங்கி, நாடெங்கும் ஆயிரத்துக்கும் அதிகமான கடைகளைத் திறந்த சுபிக்ஷா, 2009 இல் பணமில்லாமல் ஸ்தம்பித்துப் போனபோது, அதன் எந்தக் கிளையையும் எந்த மனுவாலும் திறந்திருக்க முடியாது. கொடுப்பதற்குத் தலைமையிடத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அத்தகைய நிலையில் கம்பெனியை விட்டுவிட்டுக் கட்டிடத்தின் சொந்தக்காரரைப் பிடிப்பதே விவேகம். கோவையிலேயே பிறந்து வளர்ந்த பழமுதிர் நிலையம், கண்ணன் டிபார்ட்மெண்டல் முதலான ஸ்தாபனங்களுக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடும்படி அவரைத் தூண்டலாம். கம்பெனி நல்ல நிலையில் இருந்தால், கிளை மேலாளரிடம் முறையிட்டு நிற்காமல், அதன் பதிவு அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் எழுதவேண்டும்.

கூட்டுறவு ஸ்தாபனமாயின் பாதை நீளமானது. ஆனால் பொதுஜனங்களுக்கு அதில் பிடிமானம் அதிகம். இங்கே கருவியாக வாய்த்திருப்பது 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்காமல் விண்ணப்பித்துக் கைவிரிக்கப்பட்டவர்கள் உண்டு. அரசாங்கத்தின் கணிசமான நிதியால் நடவாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின்படி ‘பொது அதிகார அமைப்பு’ ஆகாது என்று, கேரளத்துத் தலப்பாலம் சேவைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் கூட்டுறவுப் பதிவாளர் ‘பொது அதிகார அமைப்பே’ என்றும், சட்டப்படி அவர் சங்கத்திடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலை அவர் வழியாகக் கோரலாம் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகையால் விண்ணப்பத்தைப் பண்டகசாலைக்கு அனுப்பாமல், கூட்டுறவுச் சங்கங்களின் மண்டல இணைப்பதிவாளர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதுவும் பயனற்றுப் போனால் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ‘ஏன் மூடினீர்கள்’ என்ற கேள்விக்கு ‘நிர்வாகக் காரணங்களால்’ என்ற விடையே வரும், அது விடையல்ல. மாறாக, கிளையை மூட நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், மூடுவதற்கு முந்திய ஐந்தாண்டுகளின் தணிக்கை அறிக்கையில் அக்கிளையின் விற்பனையும் நஷ்டமும், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பின் நிலையும் பாக்கியும், கட்டிடத்தின் உறுதி குறித்துப் பொறியாளர் கொடுத்த சான்று, பணியாளர்கள் எங்கே மாற்றப்பட்டனர் என்ற விவரம், மறுபடியும் திறப்பதற்கான பிரேரணை கோப்பில் உண்டா என்பது ஆகிய ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். ஐந்தாண்டு விற்பனையைப் பார்த்தாலே வியாதி விளங்கிவிடும். படிப்படியாகத் தேய்ந்திருந்தால் ஜனங்கள் விலகியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் சரிந்திருந்தால் சரக்கு வரத்து நின்றிருக்கிறது. முன்னதற்கு நாமும் உத்தரவாதி. பின்னதற்கு நிர்வாகமே பொறுப்பு.

பழைய பணியாளர்களையும் தேடிக் கண்டுபிடியுங்கள். 1966 இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு விலைவாசி ஏறிய சமயத்தில் டெல்லி கன்னாட் பிளேஸில் தொடங்கிய சூப்பர் பஜார் என்னும் கூட்டுறவுக் கடை, பிற்காலத்தில் மூடப்பட்டபோது, அதை உயிர்ப்பிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியவர்கள் அதன் ஊழியர்களே. 2009 இல் தனியார் ஒருவர் ஏற்று நடத்த நீதிமன்றம் வழி செய்ததும் அந்த வழக்கின் விளைவுதான். எந்தச் சரக்கு எந்தக் கிழமையில் தீர்ந்துபோகும், எந்த அலுவலகம் கடனுக்கு வாங்கிப் பாக்கி வைத்தது என்பதெல்லாம் தணிக்கை அறிக்கையைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து வீடுவீடாகக் கணக்கெடுப்பது. ‘கடை வேண்டுமா?’ என்று கேட்டால் வேண்டாமென்று சொல்கிறவர் யார்? ‘வேணுங்க, திறந்தா நல்லதுங்க’ என்று எல்லோரும் கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு வியாபாரத்தில் மதிப்பில்லை. சென்ற மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு இவற்றை எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எந்த நேரத்தில் கடைக்குப் போவீர்கள், பழைய பண்டகசாலையில் வாங்குவதை எப்போது, எதனால் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். ஆலைகள் மூன்று ஷிப்டு ஓடிய காலத்தில் வளர்ந்த ஊர் இது. இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு மதிய இடைவேளை விட்டு மாலையில் சீக்கிரம் அடைக்கும் கடையால் என்ன பிரயோஜனம்?

கிடைத்த விவரத்தைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, 100 குடும்பங்கள் மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்குவதாக உறுதி சொன்னால் விற்பனை 2 லட்சம். நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 16,000. ஒரு விற்பனையாளரின் சம்பளத்துக்கே அது பற்றாது. 500 குடும்பங்களாயின் 80,000 வரும். வாடகையும் மின்கட்டணமும் இரண்டு ஆட்களின் ஊதியமும் ஏறக்குறைய அதில் அடங்கும். உங்கள் கணக்கு முதல் எண்ணிக்கையின் பக்கம் இருந்தால், பெரிய கடையைக் கோரி அலைவதைவிட, கட்டிடத்தின் ஒரு பகுதியில் மளிகையும் கூட்டுறவு மருந்தகமும் நடத்தும்படி கேட்பது உத்தமம். சிங்காநல்லூரில் உழவர் சந்தை இருப்பதால் காய்கறியை அக்கணக்கில் சேர்க்கவேண்டாம். அதில் சந்தையோடு போட்டியிட்டு எந்தக் கடையும் ஜெயிக்காது.

உழவர் சந்தையைச் சொன்னபோது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அத்திட்டம், 2001 இல் ஆட்சி மாறியபின் கவனிப்பாரற்று, 2006 க்குப் பின் மறுபடியும் புத்துயிர் பெற்றது. இத்தகைய காரியங்களில் ஆட்சியின் போக்குக்கும் பங்குண்டு. ஆகவே வார்டு கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரை எக்கட்சியினராயினும் ஒருங்கே அணுகவேண்டும். கோரிக்கை ஒரு கட்சியின் கொடியோடு போய்விட்டால் மறு கட்சி அதைத் தொடாது.

மனுவை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, கணக்கை இணைப்பாக வைத்து, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணைப் பெறுங்கள். நகல்கள் இணைப்பதிவாளருக்கும் பண்டகசாலையின் மேலாண்மை இயக்குநருக்கும் போகவேண்டும். பெருங்கூட்டமாகப் போவது புகைப்படத்துக்கு உதவும். பேசுவதற்கு நால்வர் போதும், அந்நால்வரில் ஒருவர் மாத மளிகைக் கணக்கு வைக்கும் பெண்மணியாக இருப்பது அவசியம்.

இவையெல்லாவற்றையும்விட வலிய சாதனம் உறுப்பினராவது. 1904 இல் திருவல்லிக்கேணியில் பதினால்வர் கூடித் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நூறாண்டு கடந்தும் நிற்பதற்குக் காரணம், வாங்குகிறவர்களே சொந்தக்காரர்களாக இருந்ததுதான். சங்கத்தின் துணைவிதியைப் பார்த்து, தகுதியுள்ள குடும்பங்கள் பங்குத்தொகை கட்டிச் சேரவேண்டும். வாக்குரிமையில்லாத இணை உறுப்பினராகச் சேர்த்துவிடாமல் ரசீதிலேயே வகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினருக்கு ஆண்டுப் பேரவையில் கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டு. 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81 ஆம் பிரிவின்படி சங்கத்தின் நடைமுறையையும் நிதிநிலையையும் விசாரிக்கும்படி, சட்டம் குறித்த எண்ணிக்கையில் சேர்ந்து, பதிவாளரிடம் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. விசாரணையை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். விசாரணைக்கு ஆளானவர்கள் கடை திறக்க உற்சாகம் காட்டுவது அபூர்வம்.

‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற பதில் வந்தால் சோர்ந்துபோகாமல், எவ்வளவு நிதி, எந்தப் பணிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். மின் பாக்கியும் கூரைப் பழுதும் வெள்ளையடிப்பும் தனித்தனித் தொகைகளாகப் பிரிந்தவுடன், அவற்றுள் எதைச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து செய்ய விதி இடந்தரும் என்று விசாரிக்க முடியும். ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குத் திறக்கச் சம்மதித்தார்களானால், மாத விற்பனையை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும், மாலை நேரம் எதுவரை கடை திறந்திருக்கும் என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.